பெடல் தரையில், த்ராட்டில் பாதியில்: டார்க்கைக் குறைக்கச் சொன்னது யார்?

வண்டி ஸ்கோடா ஆக்டேவியா, 1.8 லிட்டர் 20 வால்வ் டர்போ பெட்ரோல், 150 பிஎஸ், 210 நியூட்டன் மீட்டர், மேனுவல் கியர். இன்ஜினை ஆள்வது பாஷ் எம்இ7.5 இசியூ, அதாவது இன்ஜின் கணினி. புகார் இதுதான்: மூன்றாம் கியரில் 2500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் ஒரு கணம் நன்றாக இழுக்கிறது. 3000-ஐத் தாண்டியதும் காலை எடுத்தது போலத் தொய்கிறது, மறுபடி இழுக்கிறது, மறுபடி தொய்கிறது. செக் லைட் இல்லை, இபிசி விளக்கு (எலெக்ட்ரானிக் த்ராட்டில் எச்சரிக்கை) இல்லை, ஸ்கேனரில் ஒரு கோடும் (பிழைக் குறியீடும்) இல்லை.

வருவதற்கு முன்பே பிளக், காயில், ஃபியூயல் ஃபில்டர் எல்லாம் மாறியிருந்தன. இன்ஜினுக்குள் போகும் காற்றை மூடித் திறக்கும் த்ராட்டில் பாடி கழுவப்பட்டிருந்தது. அந்தக் காற்றை அளக்கும் ஏர் மாஸ் மீட்டருக்குப் பதில் பெட்டியில் பெயரில்லாத ஒரு சந்தைச் சரக்கு மாட்டப்பட்டிருந்தது. அடுத்து த்ராட்டில் பாடியையே மாற்றலாமா என்பது கேள்வி. இந்த மாதிரிப் புகாருக்குப் பல இடங்களில் முதலில் எழுதிக்கொடுக்கும் மருந்து அதுதான். பெரும்பாலும் காசுக்குக் கேடு. த்ராட்டில் தானாக மூடுவதில்லை, இசியூ மூடச் சொல்வதால் மூடுகிறது. ஏன் சொல்கிறது என்று பார்க்காமல் சொல்லைக் கேட்டு நடக்கும் மோட்டாரை மாற்றி என்ன பயன்?

கோரிக்கை போகும் வழி

1990களின் பிற்பகுதியில் வந்த எம்இ7 வரிசையில் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் இடையே கேபிள் கிடையாது. பெடலில் இருப்பவை இரண்டு சென்சார்கள், ஜி79, ஜி185. அவை சொல்வது த்ராட்டிலை இவ்வளவு திற என்பதல்ல, இவ்வளவு டார்க் (சுழற்று விசை) வேண்டும் என்பதுதான். பெடல் சதவீதத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்து ஒரு மேப்பிலிருந்து (இசியூவுக்குள் இருக்கும் எண் அட்டவணை, ட்யூனிங் ஆட்கள் அதைக் கேஎஃப்பெட் என்பார்கள்) டிரைவரின் விருப்ப டார்க் எடுக்கப்படுகிறது. அதனால்தான் குறைந்த ஆர்பிஎம்மில் பாதிப் பெடலிலேயே த்ராட்டில் முழுக்கத் திறந்து நிற்பதைப் பார்க்கலாம். அது கோளாறு இல்லை. அங்கே அவ்வளவு காற்று போனால்தான் கேட்ட டார்க் கிடைக்கும்.

டிரைவர் ஒருவர் மட்டும் கேட்பதில்லை. க்ரூஸ் கன்ட்ரோல், உச்ச வேக லிமிட்டர், ரெவ் லிமிட்டர், ஆட்டோ கியர்பாக்ஸ் இருந்தால் அதன் இசியூ, வீல் வழுக்கினால் ஏஎஸ்ஆர், இன்ஜின் பிரேக்கிங்கில் வீல் பூட்டிக்கொள்ளப் பார்த்தால் எம்எஸ்ஆர் என்று ஒவ்வொன்றும் தன் எண்ணை வைக்கும். குறைக்கச் சொல்பவற்றில் எது மிகக் குறைவோ அது ஜெயிக்கும். எம்எஸ்ஆர் மட்டும் டார்க்கைக் கூட்டச் சொல்லும். இதோடு இன்ஜின் உராய்வு, ஏசி கம்ப்ரஸர், ஆல்டர்னேட்டர் தின்னும் டார்க்கையும் கூட்டித்தான் சிலிண்டருக்குள் எவ்வளவு டார்க் உண்டாக்க வேண்டும் என்று கணக்குப் போடப்படும்.

அந்த எண் இரண்டு வழியாகப் பிரிந்து போகிறது. ஒன்று காற்று வழி, மெதுவானது. வேண்டிய டார்க்கை வேண்டிய லோடாக, அதாவது சிலிண்டருக்குள் போகவேண்டிய காற்றின் அளவாக, கேஎஃப்எம்ஐஆர்எல் மேப் மாற்றுகிறது. அந்த லோடிலிருந்து வேண்டிய அழுத்தமும், அதிலிருந்து த்ராட்டில் கோணமும் டர்போவுக்கான பூஸ்ட் (காற்றழுத்த) கட்டளையும் பிறக்கின்றன. மற்றொன்று ஸ்பார்க் வழி, அடுத்த பற்றவைப்பிலேயே வேலை செய்யும். இப்போது உள்ளே இருக்கும் காற்றுக்குச் சிறந்த டைமிங்கில் (ஸ்பார்க் விழும் நேரத்தில்) எவ்வளவு டார்க் வரும் என்பதை கேஎஃப்எம்ஐஓபி மேப் சொல்லும். கேட்டது அதைவிடக் குறைவு என்றால் டைமிங் ரிட்டார்ட் ஆகும், அதாவது ஸ்பார்க் தாமதமாக விழும். அதுவும் போதாவிட்டால் சில சிலிண்டர்களுக்கு இன்ஜெக்டர் நிற்கும்.

ஒரு கணக்கு: உள்ளே இருக்கும் காற்று 80% டார்க் தரக்கூடியது, கேட்டது 60%. அப்படியானால் ஸ்பார்க்கின் திறன் 0.75-க்கு இறங்க வேண்டும். சிறந்த டைமிங்கிலிருந்து 10 டிகிரி ரிட்டார்ட் செய்தால் ஏறக்குறைய 5 முதல் 7 சதம்தான் குறையும். 20 டிகிரிக்கு 20 முதல் 25 சதம் போகும். ஆகவே இங்கே ஏறத்தாழ 20 டிகிரி தேவை. ஒரு கியர் மாறும் நேரத்துக்கு அது பரவாயில்லை. நொடிக்கணக்கில் அப்படியே ஓட்டினால் சைலன்சர் பக்கம் வெப்பம் ஏறி கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கும் டர்போவுக்கும் ஆபத்து. எனவே நீடிக்கும் குறைப்பைக் காற்று வழியே எடுத்துக்கொள்ளும். ஆட்டோ கியர்பாக்ஸ் கேட்கும் நொடிநேரக் குறைப்பில் த்ராட்டில் அசையாமல் இருப்பதும், ஏஎஸ்ஆர் குறைப்பு நீண்டால் த்ராட்டில் மூடுவதும் இதனால்தான்.

ஐடிலில் டைமிங் குறைவாக, துள்ளிக்கொண்டே இருப்பதைப் பார்த்துக் கோளாறு என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அது வேண்டுமென்றே வைத்த ரிசர்வ். காற்றைக் கொஞ்சம் கூடுதலாக விட்டு, டைமிங்கை ரிட்டார்டில் வைத்திருந்தால், ஏசி கம்ப்ரஸர் சேரும் கணத்தில் டைமிங்கை முன்னுக்குத் தள்ளியே டார்க்கைக் கூட்டிவிடலாம், காற்று வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஸ்கேனரில் குரூப் 003-ஐ (குரூப் என்பது சேர்த்துக் காட்டப்படும் அளவீடுகளின் தொகுப்பு) திறந்துவைத்து ஏசியைப் போட்டு அணைத்துப் பார்த்தால், ஆர்பிஎம் அசையாமல் டைமிங் மட்டும் ஆடுவது தெரியும்.

லாக் (ஓடும்போது எடுக்கும் அளவீட்டுப் பதிவு) எடுக்கும் முன்

தேவைப்பட்டவை: விசிடிஎஸ் என்ற ஸ்கேனர் மென்பொருளும் கேபிளும் உள்ள லேப்டாப், மல்டிமீட்டர், கேஜ் உள்ள கைப் பம்ப், ஸ்மோக் மெஷின். இந்தத் தலைமுறை இசியூ கே-லைன் என்ற பழைய ஒற்றைக் கம்பி இணைப்பில் பேசுவதால் தகவல் மெதுவாகவே வரும். மூன்று குரூப்பை ஒன்றாகத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு ஓரிரு பதிவு கூட வராமல் போகலாம், அந்த இடைவெளியில் முழுக் கோளாறும் நடந்து முடிந்துவிடும். ஒரு ஓட்டத்துக்கு ஒரு குரூப், மிஞ்சினால் இரண்டு. எம்இ7லாக்கர் போன்ற இலவச மென்பொருள் இசியூவின் உள் மாறிகளையே வேகமாக எடுத்துத் தரும், ஆனால் இசியூ ஃபைலுக்குப் பொருந்தும் விவரக் கோப்பு வேண்டும். இந்த வேலைக்கு விசிடிஎஸ் போதுமானதாக இருந்தது.

பார்க்க வேண்டிய குரூப்கள்: 003-ல் ஆர்பிஎம், காற்று கிராம்/நொடி, த்ராட்டில், டைமிங். 115-ல் ஆர்பிஎம், லோடு, கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட். 118-ல் பூஸ்டைக் கட்டுப்படுத்தும் என்75 வால்வின் டியூட்டி, அதாவது அது இயங்கும் நேரச் சதவீதம். 120-ல் ஏஎஸ்ஆர் கேட்கும் டார்க்கும் இன்ஜின் டார்க்கும், 122-ல் அதே போல கியர்பாக்ஸ் கேட்பது. 020-ல் ஒவ்வொரு சிலிண்டரின் நாக் ரிட்டார்ட் (இன்ஜினில் தட்டல் வந்தால் ஸ்பார்க்கைத் தாமதிக்கும் அளவு). 032-ல் ஃபியூயல் ட்ரிம் (இசியூ செய்யும் பெட்ரோல் திருத்தம்). 062-ல் பெடல், த்ராட்டில் சென்சார்கள். 066-ல் பிரேக், க்ளட்ச் ஸ்விட்சுகள்.

இன்ஜின் சூடாகி, கூலன்ட் 80 டிகிரியைத் தாண்டிய பிறகே ஓட்டம். ஏசி அணைப்பு. மூன்றாம் கியர், 2000-ல் நிதானமாக ஓடவிட்டு, பெடலை ஒரே அமுக்கில் தரைவரை. லாக்கைப் பார்ப்பது இன்னொருவர் வேலை, ஓட்டுபவர் வேலையல்ல. ரோலர் டைனோ (வண்டியை நிறுத்தியபடியே ஓட்டிப் பார்க்கும் உருளை மேடை) கிடைத்தால் அதுவே நல்லது, ஆனால் ஏஎஸ்ஆர் உள்ள வண்டியில் ஒரு பொறி உண்டு: முன் வீல் மட்டும் சுழன்று பின் வீல் நிற்பதை ஏபிஎஸ் யூனிட் வழுக்கல் என்று எடுத்துக்கொண்டு டார்க்கைக் குறைக்கச் சொல்லும். பட்டனை அணைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் லாக்கில் வருவது வண்டியின் நோயல்ல, டைனோவின் நோய்.

முதலில் கேட்பவரைச் சரிபார்ப்பது

இன்ஜின் அணைந்து, இக்னிஷன் ஆனில் குரூப் 062. பெடலை மெதுவாக அமுக்கும்போது ஜி79 சுமார் 12%-லிருந்து 97% வரையும், ஜி185 சுமார் 4%-லிருந்து 49% வரையும் ஏற வேண்டும். இரண்டாவது எப்போதும் முதலாவதில் பாதியை ஒட்டியே வரும். எங்காவது ஒரு எண் குதித்தால், அல்லது இரண்டுக்கும் உள்ள உறவு குலைந்தால், பெடல் சென்சார் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் ஆறு பின் கனெக்டரில் ஈரமோ தளர்வோ இருக்கிறது. ஒவ்வொரு சென்சாருக்கும் தனித்தனி 5 வோல்ட், தனித்தனி கிரவுண்ட், தனித்தனி சிக்னல், ஆகவே மல்டிமீட்டரில் பிரித்துப் பார்ப்பது எளிது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பி1639 கோடு வரும், இபிசி விளக்கு எரியும். இரண்டும் போய்விட்டால் இன்ஜின் 1500 ஆர்பிஎம் அளவில் உயர் ஐடிலில் நிற்கும், பெடலுக்குப் பதிலே இராது.

ஜி79 85%-லேயே நின்றுவிட்டால் சென்சாரைக் குறை சொல்லும் முன் தரையில் கிடக்கும் தடித்த ரப்பர் மேட்டை எடுத்துவிட்டு மறுபடி அமுக்கிப் பாருங்கள்.

அதே குரூப்பில் த்ராட்டில் பாடியின் ஜி187-ம் ஜி188-ம் எதிரெதிராக நகரும். இரண்டையும் கூட்டினால் எந்த நிலையிலும் 100-ஐ ஒட்டி வர வேண்டும். இந்த வண்டியில் பெடலும் சரி, த்ராட்டிலும் சரி. த்ராட்டில் பாடி மாற்றும் யோசனை இங்கேயே செத்தது.

குரூப் 066-ல் பிரேக் ஸ்விட்ச். உள்ளே எஃப், எஃப்47 என்று இரண்டு தொடர்புகள். மிதித்ததும் இரண்டு பிட்டும் ஒன்றாக மாற வேண்டும். ஒன்று மட்டும் மாறினால் பி0571. ஆக்ஸிலரேட்டர் சென்சார் ஒன்று கெட்டிருக்கும் வண்டியில் பிரேக் ஸ்விட்ச்தான் இசியூவுக்குக் கடைசிச் சாட்சி. பிரேக் அமுக்கப்பட்டிருக்கிறது என்று அது சொன்னால் இசியூ டார்க்கை ஐடில் வரை இறக்கும். விலை மலிவான உதிரி, ஆனால் பிளஞ்சர் தன் நீளத்தை ஒரே ஒரு முறைதான் அமைத்துக்கொள்ளும். கழற்றியதையே திரும்ப மாட்டினால் மறுபடி அதே கோளாறு வரும். புதிதை மாட்டும்போது அந்த ஸ்விட்ச் வகைக்கான முறையைப் பார்த்தே திருக வேண்டும், பெடலை அமுக்கியா அமுக்காமலா என்பது வகைக்கு வகை மாறும்.

குரூப் 120-ல் ஏஎஸ்ஆர் எண் ஓட்டம் முழுக்க உச்சத்திலேயே நின்றது. யாரும் குறைக்கச் சொல்லாதபோது அப்படித்தான் நிற்கும். அது இன்ஜின் டார்க்குக்குக் கீழே இறங்கினால்தான் ஏபிஎஸ் பக்கம் போக வேண்டும். அப்படி இறங்கும் வண்டிகளில் வீல் ஸ்பீடு சென்சாருக்கு முன் டயரைப் பாருங்கள். 205/55 ஆர்16 டயரின் விட்டம் 632 மில்லிமீட்டர், 205/60 ஆர்16-ன் விட்டம் 652. முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று போட்டால் நேர் சாலையிலேயே 3 சதத்துக்கு மேல் வேக வித்தியாசம், வழுக்குவதாகக் கணக்கு ஆரம்பமே தப்பாகிவிடும்.

முதல் லாக்

இக்னிஷன் ஆனில் இன்ஜின் ஓடாதபோது 115-ல் கிடைத்த பூஸ்ட் என்று காட்டுவது அந்த ஊரின் வளிமண்டல அழுத்தம். சென்னையில் 1010 மில்லிபாரை ஒட்டியும், கோவையில் 965-ஐ ஒட்டியும், ஊட்டியில் 775-ஐ ஒட்டியும் வரும். 50-க்கு மேல் விலகினால் ஜி31 பிரஷர் சென்சாரையே நம்ப முடியாது, மேற்கொண்டு எடுக்கும் லாக் வீண். இங்கே சரியாக இருந்தது.

மூன்றாம் கியர் ஓட்டங்களை ஆர்பிஎம் வரிசையில் சேர்த்தபோது வந்தது (அழுத்தம் எல்லாம் மில்லிபார், வளிமண்டலத்தையும் சேர்த்து):

2480 ஆர்பிஎம்: கேட்டது 1540, கிடைத்தது 1480, த்ராட்டில் 100%, என்75 82%
2840: கேட்டது 1560, கிடைத்தது 1650, த்ராட்டில் 100%, என்75 41%
3120: கேட்டது 1560, கிடைத்தது 1790, த்ராட்டில் 71%, என்75 6%
3400: கேட்டது 1550, கிடைத்தது 1830, த்ராட்டில் 46%, என்75 4%
3640: கேட்டது 1550, கிடைத்தது 1760, த்ராட்டில் 58%, என்75 5%

படிக்கும் முறை எளிது. கேட்ட பூஸ்ட் விழவில்லை. அதாவது மேலிருந்து யாரும் டார்க்கைக் குறைக்கவில்லை, டிரைவரின் கோரிக்கை அப்படியே உயிரோடு இருக்கிறது. கிடைத்தது கேட்டதைவிட 280 வரை கூடுதல். என்75 டியூட்டி தரை தட்டிவிட்டது. அதாவது பூஸ்டை இறக்க இசியூ தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டது, பூஸ்ட் இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் லோடைத் த்ராட்டிலை வைத்துக் கட்டுகிறது. வண்டிக்குப் பூஸ்ட் போதவில்லை என்று எல்லோரும் நினைத்த இடத்தில் கோளாறு பூஸ்ட் அதிகம் என்பது.

இதில் ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. ஜி31 இருப்பது த்ராட்டிலுக்கு முன்னால், இன்டர்கூலர் பைப்பில். த்ராட்டில் மூடும்போது அங்கே அழுத்தம் இறங்குவதில்லை, சில நேரம் ஏறவே செய்யும். மேனிஃபோல்டில் மாட்டிய பூஸ்ட் கேஜோ குறைவைக் காட்டும். கேஜை நம்பினால் டர்போ செத்துவிட்டது என்று தோன்றும், ஜி31-ஐ நம்பினால் டர்போ அடங்க மறுக்கிறது என்று தெரியும். இரண்டும் பொய்யில்லை, அளக்கும் இடம்தான் வேறு.

கோடு ஏன் இல்லை? பூஸ்ட் மிகைப்புக்கான பி0234 அல்லது பி1555 பதிவாக, விலகல் எல்லையைத் தாண்டி சில நொடிகள் நீடிக்க வேண்டும். அதற்குள் டிரைவர் காலை எடுத்துவிடுகிறார்.

இதே மூன்று எண்களை வேறு விதமாகவும் பார்க்க நேரும். த்ராட்டில் 100%-ல் நிற்க, கிடைத்தது கேட்டதைவிடக் குறைவு, என்75 90%-ஐத் தாண்டுகிறது என்றால் பைப் லீக், டைவர்ட்டர் வால்வ் (மிஞ்சிய பூஸ்டைத் திருப்பிவிடுவது) கிழிசல், வேஸ்ட்கேட் (புகையை டர்பைனைச் சுற்றி விடும் கதவு) முழுக்க மூடாமை. கேட்ட எண்ணே சட்டென்று விழுந்தால் குறைக்கச் சொன்னவரைத் தேட வேண்டும்: 120, 122, பிறகு 020-ல் நாக் ரிட்டார்ட், இன்டேக் வெப்பம்.

வேஸ்ட்கேட் பக்கம்

என்75-க்கு மூன்று ஹோஸ்கள். ஒன்று கம்ப்ரஸர் வாயிலிருந்து அழுத்தம் கொண்டுவரும். ஒன்று வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும். மூன்றாவது மிச்சத்தை டர்போவுக்கு முன்னால் இன்டேக்கில் விடும். டியூட்டி பூஜ்யம் என்றால் அழுத்தம் முழுக்க ஆக்சுவேட்டருக்கு, வேஸ்ட்கேட் சீக்கிரம் திறக்கும், பூஸ்ட் குறைவு. டியூட்டி ஏற ஏற ஆக்சுவேட்டருக்குப் போவது குறையும். ஆகவே முதல் இரண்டு ஹோஸில் எது வெடித்தாலும் ஆக்சுவேட்டர் பட்டினி, பூஸ்ட் கட்டுக்கடங்காது.

ஆக்சுவேட்டரில் கைப் பம்பை மாட்டி அழுத்தினால் சுமார் 0.3 பாரில் ராட் அசையத் தொடங்க வேண்டும், 0.5 பாரில் ஒரு நிமிடம் கேஜ் இறங்காமல் நிற்க வேண்டும். நின்றது. ராடின் நட்டை யாரும் தொடவில்லை என்பதற்கு அதன் மேல் பூசிய பெயின்ட் உடையாமல் இருந்தது. தொட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யாமல் மேலே போகக்கூடாது. என்75 காயில் 29 ஓம், 25 முதல் 35 வரை சரி. அவுட்புட் டெஸ்டில் டிக் டிக் என்று அடித்தது.

கோளாறு, கம்ப்ரஸரிலிருந்து என்75-க்கு வரும் ஹோஸில். வெளியே பார்த்தால் முழுசு. க்ளாம்ப்பைக் கழற்றியதும் அடியில் நீளவாக்கில் பிளவு. ஐடிலில் மூடிக்கொள்ளும், பூஸ்ட் வந்தால் வாய் பிளக்கும். ஸ்மோக் மெஷினின் மெல்லிய அழுத்தத்துக்கு இது சிக்கவில்லை, விரலால் மடித்துப் பார்த்தபோதுதான் சிக்கியது. மூன்று ஹோஸையும் ஒன்றாக மாற்றுவது நல்லது, ஒரே வயது. அதே உள்விட்டமுள்ள, துணி நெய்த ரப்பர் ஹோஸ், இரு முனையிலும் க்ளாம்ப். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ட்யூபைச் செருகுவது டர்போ சூட்டில் ஒரு வாரம் தாங்காது.

இரண்டாவது லாக், இன்னொரு பொய்

ஹோஸ் மாற்றியபின் பூஸ்ட் கேட்டதிலிருந்து 60-க்குள் நின்றது. தொய்வு போனது. ஆனாலும் 4200-க்கு மேல் த்ராட்டில் 86 முதல் 90%-க்கு இறங்கி அங்கேயே நின்றது. ஓட்டுபவருக்கு இது தெரியாது. லாக் எடுத்ததால் தெரிந்தது.

இப்போது பூஸ்ட் சரி, 120-ல் குறைப்பு இல்லை, 020-ல் நான்கு சிலிண்டரிலும் நாக் ரிட்டார்ட் கிட்டத்தட்ட பூஜ்யம். 003-ல் காற்று உச்சத்தில் 137 கிராம்/நொடி. இந்த வகை இன்ஜினுக்கு ஒரு குத்துமதிப்பு: குதிரைத்திறனை 0.8-ஆல் பெருக்கினால் வரும் கிராம் அளவு காற்று. 150-க்கு 120. எதுவும் மாற்றாத வண்டி 137 கிராம் விழுங்குகிறது என்றால் மீட்டர் மிகைப்படுத்துகிறது. 032 அதை உறுதி செய்தது: ஐடில் ட்ரிம் -1.2%, பகுதி லோடு ட்ரிம் -9.4%. காற்று அதிகம் என்று நம்பி இசியூ பெட்ரோலை அதிகம் விட்டிருக்கிறது, ஆக்ஸிஜன் சென்சார் அதைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

டார்க் கணக்கில் இது என்ன செய்யும்? கேட்ட லோடு ஒன்று, மீட்டர் சொல்லும் லோடு அதைவிட 13% கூடுதல். கேட்டதைவிட அதிக டார்க் உண்டாவதாக இசியூ நினைக்கும். உடனே காற்று வழியில் த்ராட்டிலை இறக்கும், ஸ்பார்க் வழியில் டைமிங்கையும் கொஞ்சம் இழுக்கும். அதோடு டைமிங் மேப்பையும் உண்மையைவிட உயர்ந்த லோடுக்கான கட்டத்தில் படிப்பதால், தேவையில்லாத ரிட்டார்ட் மேலும் சேரும். பூஸ்டை ஆளும் கணக்கு (பிஐடி) ஜி31-ஐப் பார்த்து நடப்பதால் 115 மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் அழகாகத் தெரியும்.

மீட்டர் குறைத்துச் சொல்வது வேறு ஆபத்து. த்ராட்டில் முழுக்கத் திறந்தே இருக்கும், ட்ரிம் பிளஸ்ஸில் போகும், முழு லோடில் கலவை வறண்டு நாக் வரும். பழைய அழுக்கு மீட்டர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்லும், போலிகள் இரண்டு பக்கமும் பொய் சொல்லும். சந்தேகம் இருந்தால் மீட்டரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு நிதானமாக ஒரு ஓட்டம்: இசியூ த்ராட்டில் கோணத்தையும் ஆர்பிஎம்மையும் வைத்து லோடைக் கணக்கிடும். கோளாறு அப்போது மறைந்தால் மீட்டர்தான். கோடு பதிவாகும், பிறகு அழிக்க வேண்டும்.

பாகம் எண் பொருந்தும் ஒரிஜினல் மீட்டர் மாட்டியதும் உச்சம் 121 கிராம். கோடுகளை அழித்தால் பழைய ட்ரிம்மும் அழியும். அடுத்து த்ராட்டில் அடாப்டேஷன், அதாவது த்ராட்டிலின் நிலைகளை இசியூவுக்குப் புதிதாகக் கற்பிப்பது: இன்ஜின் அணைப்பு, இக்னிஷன் ஆன், பேட்டரி 11.5 வோல்ட்டுக்குக் குறையாமல், பெடலைத் தொடாமல், பேசிக் செட்டிங்ஸ் குரூப் 060. த்ராட்டில் மூடி, அவசரநிலை இடைவெளிக்குத் திரும்பி, ஓரிரு தரம் அசைந்தபின் ஏடிபி ஓகே வரும். எரர் வந்தால் முதலில் பேட்டரி வோல்ட்டேஜையும், த்ராட்டில் தட்டின் ஓரத்தில் படிந்த கரியையும் பாருங்கள். த்ராட்டிலைக் கழுவினாலும் இதைச் செய்தே ஆக வேண்டும், மூடிய நிலை இசியூவின் நினைவில் பழைய கரியோடுதான் இருக்கும்.

சிப் போட்ட (இசியூ ஃபைலை மாற்றிய) வண்டி என்றால்

இதே அறிகுறி இன்னொரு காரணத்தாலும் வரும், அதை ஹோஸ் மாற்றித் தீர்க்க முடியாது. உச்ச லோடு எல்லையையும் கேஎஃப்எம்ஐஆர்எல்-ஐயும் மட்டும் உயர்த்தி, அதன் மறுபக்கக் கண்ணாடியான கேஎஃப்எம்ஐஓபி-ஐ அப்படியே விட்ட ட்யூனிங் ஃபைல்கள் நிறைய உலாவுகின்றன. ஒரு மேப் டார்க்கைக் காற்றாக மாற்றுகிறது, மற்றது காற்றை டார்க்காக மாற்றுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இசியூ தானே கேட்ட காற்றைத் தானே அதிகம் என்று எண்ணி டைமிங்கை இழுக்கும், த்ராட்டிலை மூடும். அதற்கு மேலே இரண்டாம் நிலைக் கண்காணிப்பு இருக்கிறது. ஜெர்மன் கார் நிறுவனங்கள் கூடி வகுத்த ஈகாஸ் முறையில், முதல் நிலை இன்ஜினை ஓட்டும். இரண்டாம் நிலை அனுமதித்த டார்க்கையும் உண்மை டார்க்கையும் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிடும். மூன்றாம் நிலையில் ஒரு தனிச் சிப், ப்ராசஸரைக் கேள்வி கேட்டுப் பதில் சரியா என்று பார்க்கும். உண்மை டார்க் அனுமதியைத் தாண்டியபடியே நீடித்தால் பெட்ரோல் நிற்கும். கண்காணிப்பையே அணைத்துவிட்ட ஃபைல் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அந்த வண்டியில் ஏறாதீர்கள். பெடல் விட்டபின் த்ராட்டில் திறந்தே நின்றால் காப்பாற்ற அங்கே ஒன்றுமில்லை.

த்ராட்டிலுக்குப் பின்னால் பெரிய வேக்யூம் லீக் இருக்கும் வண்டியிலும் இந்தக் கண்காணிப்பின் கை தெரியும். இசியூ அளக்காத காற்றால் ஐடில் ஏறும், த்ராட்டில் மூடிப் பார்க்கும், மூட இனி இடமில்லாமல் பெட்ரோலை விட்டுவிட்டு வெட்டும், ஆர்பிஎம் ஊஞ்சலாடும். பிசிவி (இன்ஜின் உள்வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும்) ஹோஸ்களும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்யூம் லைனின் செக் வால்வும் இந்த இன்ஜினில் முதல் சந்தேகம்.

டீசலில்

இதே ஆக்டேவியாவின் 1.9 டிடிஐ கொண்டுவந்தால் வேலை இன்னும் சுருக்கம். ஸ்பார்க் இல்லை, டார்க் என்பதே ஒரு அடிக்கு எத்தனை மில்லிகிராம் டீசல் என்பதுதான். குரூப் 008-ல் டிரைவர் கேட்ட அளவு, டார்க் எல்லை, புகை எல்லை மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மூன்றில் சிறியதுதான் போகும். முழுப் பெடலில் புகை எல்லை மற்ற இரண்டுக்கும் கீழே கிடந்தால் காற்று குறைவு என்று பொருள்: ஏர் மாஸ் மீட்டர், இஜிஆர் (புகையை மறுபடி இன்டேக்குக்கு விடும் வால்வ்), பூஸ்ட் லீக் என்ற வரிசையில் தேடலாம். டார்க் எல்லை கீழே இருந்தால் அது கம்பெனி வைத்த எல்லை, வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது. டிரைவர் கேட்டதே கீழே இருந்தால் பெடல் சென்சார், இல்லையென்றால் மறுபடியும் அந்த ரப்பர் மேட்.